நல்ல பூச்சி வீட்டுக்கு வைக்க வேண்டிய பெயர்

கூட்டுறவுச் சங்க இதழின் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய டோன் எவரிஸ்தோ அவர்களுக்கு, மேட்டுத் தெரு தெஸிஃபோன் லிரோலா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுதிக்கொள்வது:

ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை நம் பையன்கள் ஜெயித்துக்கொண்டு வந்தார்களே, அந்தக் கோடையில் முடிந்தது எங்கள் வீட்டில் பூச்சி வளர்த்த சாகுபடி. அந்தச் சாகுபடி தொடங்குவதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் ஜெர்மனிக்குப் போன நம் குடைமிளகாய் லாரிகள், காயில் மருந்து இருக்கிறதென்று போன வேகத்திலேயே திரும்பி வந்தன. பெட்ரோல் பங்குக் கூரையில் மாதா பல்லக்கின் கிரீடம் மாட்டிக்கொண்டு, பாதிரியார் ஏணி கேட்டு ஆள் அனுப்பியதும் அந்தச் சாகுபடி சமயத்தில்தான். இவ்வளவு அடையாளம் எதற்கென்றால், உங்கள் சென்ற இதழின் நான்காம் பக்கத்தில் அதற்கு இரண்டு வருடம் பிந்திய தேதியைப் போட்டிருக்கிறீர்கள். தேதி மட்டும் தப்பென்றால் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு மறந்திருப்பேன். நம் சங்கம் கட்டியிருக்கும் நல்ல பூச்சி வளர்க்கும் வீட்டுக்கு நம் விவசாய எஞ்சினியர் லெயாந்த்ரோ பெயரை வைக்கப் போவதாகவும், வருகிற சான் மார்க்கோஸ் திருநாளன்று பலகையைத் திறக்கப் போவதாகவும், ‘நம் பக்கத்தில் முதன்முதலில் பூச்சி வளர்த்தவர் அவரே’ என்றும் அதே பக்கத்தில் போட்டிருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். முதலில் வளர்த்தது லிரோலா வீடு. பலகையில் வர வேண்டியது என் பெயர்.

கோபத்தில் குசலம் விசாரிக்க மறந்துவிட்டேன். தாங்கள் சுகமா? வீட்டில் அம்மா சுகமா? போன வருடம் பொதுக்குழுவில் வழுக்கி விழுந்தீர்களே, அந்த இடுப்பு சுகமா? இங்கே எண்பத்து நான்கு வயதுக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை, கண் தெரிகிறது, பல் மட்டும் கடையில் வாங்கினது. எழுதிக்கொள்வது என்று மேலே சொன்னது பேச்சுக்குத்தான். எனக்கு எழுத்து வராது, கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவை போடுவேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் முடிதிருத்தும் ஹெர்வாசியோ. ஆள் வந்தால் எழுந்து போய்விடுவார், ஆகையால் நடுவில் ஒரு வாக்கியம் திடீரென்று நின்றுபோனால் அங்கே யாருக்கோ மீசை கத்தரிக்கிறார் என்று அர்த்தம். எழுத்து வராதே தவிர, எனக்கு எதுவும் மறக்காது. எஞ்சினியர் முதல்நாள் போட்டு வந்த சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. அதுகூட நினைவிருக்கிறது.

அந்த வருடம் ஆகஸ்டில் நாற்று நட்டதும் சங்கத் தலைவர் பால்தொமேரோ எங்களையெல்லாம் கூப்பிட்டு, இனிமேல் யார் பிளாஸ்டிக் கொட்டகையில் இலையை எடுத்துச் சோதித்தாலும் மருந்து தெரியக் கூடாது, தெரிந்தால் அவன் காயைச் சங்கம் தொடாது, அவன் தன் மிளகாயைத் தானே வறுத்துத் தின்றுகொள்ளட்டும் என்றார். மருந்துக்குப் பதில் பூச்சி வருமாம். இலைப்பேனைத் தின்கிற பூச்சி, கடுகில் பாதி இருக்கும், கறுப்பில் வெள்ளைப் புள்ளி, ஊசி மாதிரி மூக்கு, குத்தி உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். முப்பது வருடம் பூச்சியைக் கொல்லக் காசு கொடுத்தோம், இனி பூச்சிக்கே காசா என்று கூட்டத்தில் ஒரே சிரிப்பு. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் நான்தான், ஏனென்றால் எனக்கு ஊரில் பெயரே ‘கந்தகம்’. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் என்னைப் போல் மருந்து அடிக்க ஆள் கிடையாது. வியாழக்கிழமை வந்தால் நீல ஓவராலை மாட்டி, முதுகில் தெளிப்பானை ஏற்றி, ஒன்றரை ஹெக்டேரையும் ஒரு இலை விடாமல் நனைத்துவிட்டுத்தான் சாப்பாடு. அக்கம்பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் என்னை இரவல் கேட்டுவாங்கிப் போவார்கள். அப்படிப்பட்டவன் பூச்சி வளர்த்தான் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உங்கள் நான்காம் பக்கம் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டும்.

அக்டோபரில், பூ விட்டதும், எஞ்சினியர் ஒரு சீசாவைக் கொண்டுவந்தார். உள்ளே உமி, உமிக்குள் ஐந்நூறு பூச்சி. நானே என் கையால் திறந்து வரிசை வரிசையாக நடந்து இலைமேல் தூவினேன். என் மனைவி ஆங்குஸ்தியாஸும் அவள் தங்கையும் அங்கேதான் இருந்தார்கள். தங்கை, அதாவது என் மச்சினி, கணவனை இழந்த பிறகு எங்களோடுதான் கொட்டகையில் வேலை செய்துவந்தாள். தெற்கு ஓரத்து இரண்டு வரிசை மிஞ்சியது, எனக்குக் கால் வலித்தது, அதில் மச்சினி தூவினாள். மூன்றாம் நாள் பார்த்தால் என் வரிசைகளில் எல்லாப் பூச்சியும் மல்லாந்து கிடக்கிறது. செத்த சரக்கை அனுப்பிவிட்டான் என்று எஞ்சினியரிடம் சண்டை போட்டேன். அந்த நல்ல மனிதர் இன்னொரு சீசா கொண்டுவந்தார். அதுவும் செத்தது. வேடிக்கை என்னவென்றால் தெற்கு ஓரத்து இரண்டு வரிசையில் மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. எஞ்சினியர் தண்ணீரைச் சோதித்தார், மண்ணை மோந்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என் பக்கத்தில் வந்து நின்றார். நின்றவருக்குக் கண்ணில் நீர் கொட்டத் தொடங்கியது.

“பெரியவரே, இந்த ஓவரால் எத்தனை வருஷமா போடுறீங்க?”

இருபத்திரண்டு வருடம் என்று பெருமையாகத்தான் சொன்னேன். ஆங்குஸ்தியாஸ் அதைத் துவைக்கும் இயந்திரத்தில் போட விடமாட்டாள். கழற்றினால் ஆணியில் தொங்காது, தானே நிற்கும்.

“அப்ப இனிமே நீங்க உள்ள வராதீங்க. இந்தக் கொட்டகையில மருந்து நீங்கதான்.”

டோன் எவரிஸ்தோ, இதை அவமானம் என்று நினைக்காதீர்கள். நான் நடந்த இடத்தில் பூச்சி சாகிறது என்று கண்டுபிடித்த முதல் மனிதன் இந்தப் பக்கத்தில் நான்தான். அப்புறம் எட்டுப் பேர் வீட்டில் ஓவராலைக் கொளுத்தினார்கள், எல்லாம் என்னைப் பார்த்து. ஆனால் அன்றைக்குக் காரியம் கெட்டுத்தான் கிடந்தது. மூன்றாவது சீசா கிடையாது என்று சங்கம் சொல்லிவிட்டது, பூவில் இலைப்பேன் மேய்கிறது, பிஞ்சில் வெள்ளி வெள்ளியாய்த் தழும்பு விழுகிறது. மருந்து அடித்தால் சங்கம் காயைத் தொடாது, அடிக்காவிட்டால் காயே இருக்காது. அப்போதுதான் இந்த லிரோலா வீட்டில் அந்த யோசனை பிறந்தது. பிறந்தது சமையலறையில். நான் அப்போது வாசலில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

தெற்கு வரிசைப் பூக்களை ஒரு வெள்ளைத் தட்டின்மேல் தட்டினால் பூச்சி விழும். அறுபத்து மூன்று விழுந்தது, மச்சினி எண்ணினாள். அதை ஊறுகாய் ஜாடிகளில் பிரித்து விட்டு, தின்ன அந்துப்பூச்சி முட்டை கொடுக்க வேண்டும். அதற்கு எங்கே போவது என்று நான் கையைப் பிசைந்தபோது மச்சினி மாவுப் பானையைத் திறந்து காட்டினாள். ஆங்குஸ்தியாஸ் அவமானத்தில் அன்று முழுக்கத் தங்கையோடு பேசவில்லை. தாய்ப்பூச்சி முட்டை வைக்கப் பச்சை பீன்ஸ் வேண்டும், காயின் தோலுக்குள்தான் செருகும். இது எஞ்சினியர் பேச்சுவாக்கில் சொன்னது, மச்சினி காதில் போட்டு வைத்திருந்தாள். பீன்ஸ் கொண்டுவந்தது நான். என் வீட்டுப் பின்புறத்து பீன்ஸ், ஒரு புள்ளி கிடையாது. ஏன் புள்ளி கிடையாது என்பது மறுநாள் முதல் ஜாடி முழுக்கச் செத்த பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. பழக்கதோஷம், முந்தின வியாழக்கிழமை அதற்கும் ஒரு தெளிப்பு காட்டியிருக்கிறேன். மலைமேல் ஒரு கன்னியர் மடம் இருக்கிறதே, அங்கே நடந்து போய், மச்சினி மருந்தே காணாத பீன்ஸ் வாங்கி வந்தாள்.

இனி என் பங்கைக் கேளுங்கள். ஜாடிகள் அத்தனையும் என்னுடையவை, உள்ளே இருந்த ஆலிவ் ஊறுகாயை இரண்டு நாளில் தின்று காலி செய்தது நான் ஒருவனே. ஜாடி வாய்க்குக் காற்றுப் போகும் துணி வேண்டும், ஆனால் பூச்சி போகக் கூடாது என்றார்கள். நான் யோசித்து, ஆங்குஸ்தியாஸின் கல்யாண முக்காட்டை எடுத்து வட்டம் வட்டமாகக் கத்தரித்தேன். பதினாறு வட்டம். அவள் சந்தையிலிருந்து வந்து பார்த்தபோது சொன்னதை ஹெர்வாசியோ எழுத மாட்டேன் என்கிறார். அப்புறம், பூச்சிகள் வெட்டவெளியில் ஒன்றையொன்று தின்றன, இடுக்கு வேண்டும், ஒளிந்துகொள்ள. அதற்குக் காகிதத்தைக் கசக்கி உள்ளே போட்டாள் மச்சினி. காகிதம் என் காகிதம். சங்கம் எனக்கு மாதாமாதம் அனுப்பும் உங்கள் இதழ்தான், டோன் எவரிஸ்தோ. எனக்குத்தான் படிக்க வராது, பூச்சிக்காவது உபயோகப்பட்டதே. தங்கள் எழுத்தில் மூன்று தலைமுறை வளர்ந்தது என்பதைத் தாங்கள் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் கடைசியில் தலைவர் பால்தொமேரோ, கந்தகம் வீட்டில் ஏதோ கூத்து நடக்கிறதாமே என்று பார்க்க வந்தார். வீட்டில் பெண்கள் இல்லை. வந்தவரை வெறும் வாயோடு அனுப்பினான் என்று ஒரு லிரோலாவைப் பற்றி எவனும் சொல்லக் கூடாது. முட்டை இருந்தது, எண்ணெய் இருந்தது, மேடைமேல் ஒரு கிண்ணத்தில் அழகாகக் கழுவித் துடைத்து ஈரத்துணி போட்டு மூடின பீன்ஸ் இருந்தது. நறுக்கிப் போட்டு, முட்டை ஊற்றி, தடிமனாக ஒரு அடை போட்டேன். தலைவர் இரண்டு துண்டு சாப்பிட்டு, மூன்றாவதைக் கையில் பிடித்திருக்கும்போது மச்சினி உள்ளே வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். வாணலியைப் பார்த்தாள். அந்தப் பீன்ஸில் நாளைக்கோ மறுநாளோ பொரிக்க இருந்தது நாலாயிரம் குஞ்சு, ஒரு மாத வேலை.

“நல்லா வெந்துச்சா அத்தான்?” என்றாள், அவ்வளவுதான்.

தலைவர் அவளிடம், பிரமாதம்மா, பீன்ஸில் என்னவோ ஒரு வாசனை இருக்கிறது, என்ன போட்டீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். தலைவர் கையிலிருந்த மூன்றாவது துண்டை ரொம்ப மெதுவாகத் தட்டில் வைத்தார்.

“கந்தகம், உன் கையில எது கெடச்சாலும் சாவுதான்” என்று சொல்லிவிட்டு, “இன்னொரு தடவ ஆரம்பிச்சா முடியுமாம்மா?” என்று மச்சினியைக் கேட்டார். வயிற்றில் நாலாயிரம் உயிரோடு ஒரு மனிதன் கேட்கும்போது யார் முடியாது என்பார்கள்? இரண்டு ஜாடி மிச்சம் இருந்தது. மடத்துக்கு மறுபடி நடந்தாள்.

ஜனவரியில் சோதனைக்காரர் வந்து என் கொட்டகை இலையைப் பையில் போட்டுக்கொண்டு போனார். பன்னிரண்டு நாள் நான் தூங்கவில்லை என்று சொன்னால் ஹெர்வாசியோ சிரிக்கிறார், மதியம் தூங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் மச்சினி கொட்டகையில் விட்ட பூச்சி பெருகிப் பெருகி, பூவை விரித்தால் இரண்டு, மூன்று நிற்கும். இலைப்பேன் ஒன்று கிடைத்தால் அதைச் சுற்றி வரிசை. புதுப் பிஞ்சில் தழும்பே இல்லை. பதிமூன்றாம் நாள் தாள் வந்தது. பால்தொமேரோவே மதுக்கடையில் நின்று எல்லோர் முன்னிலையிலும் படித்தார்: மருந்து, ஒன்றுமில்லை. கந்தகத்தின் கொட்டகையில் ஒன்றுமில்லை. அன்று அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த மரியாதை என் கல்யாணத்தில்கூடக் கிடைக்கவில்லை. என் மிளகாய் ஜெர்மனிக்குப் போனது, திரும்பி வரவில்லை. மறுவாரத்திலிருந்து வாசலில் ஆள். தயிருக்கு உறை கேட்கிற மாதிரி வெறும் ஜாடியோடு வந்து, ஒரு சிட்டிகை பூச்சி கொடுங்கள் என்பார்கள். மச்சினி ஒருவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் முதலில் வாசலில் நிறுத்தி, சட்டையை மோந்துபார்த்துத்தான் கொடுத்தாள்.

ஏப்ரலில் சான் மார்க்கோஸ் வந்தது. அன்றைக்குக் கழுதை, ஆடு, நாய், கோழி என்று அவரவர் வைத்திருக்கும் ஜீவனைக் கோவிலைச் சுற்றி ஓட்டிப்போய், ரொட்டி வளையம் மாட்டி, ஆசீர்வாதம் வாங்குவது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் ஆட்டை வீட்டில் கட்டிவிட்டு ஒரே ஒரு ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நெற்றியில் படிய வாரிய தலையோடு, குதிரைக்காரர்களுக்கும் முன்னால் போய் நின்றேன். மச்சினி மோதிரம் அளவுக்கு ஒரு ரொட்டி வளையம் சுட்டு, ஜாடிக் கழுத்தில் நூலால் கட்டியிருந்தாள். பாதிரியார் தீர்த்தத்தை ஓங்கியவர் அப்படியே நின்று, இது என்ன என்றார்.

“கால்நடைங்க சாமி. மொத்தம் இருபதாயிரம் தலை. மிச்சமெல்லாம் மேயப் போயிருக்கு.”

கூட்டம் சிரித்தது, பாதிரியார் சிரிக்கவில்லை. இவ்வளவு பெரிய மந்தைக்குச் சொந்தக்காரன் இந்தக் கோவில் கட்டினதிலிருந்து வந்ததில்லை என்று சொல்லி, வாய்த்துணி நனையாமல், பக்கத்தில் தெளித்து ஆசீர்வதித்தார். விவரம் தெரிந்த மனிதர். இந்தக் காரியத்தை எஞ்சினியர் லெயாந்த்ரோ செய்தாரா? அவர் அன்று ஊரிலேயே இல்லை.

இனி உங்கள் நான்காம் பக்கத்துக்குக் கடைசிப் பதில். மே மாதப் பொதுக்குழுவில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் சுவரோரம், வழக்கம்போல. சங்க உறுப்பினர் பட்டியலில் இருப்பது ஆண்கள் பெயர்தானே. தலைவர் மேடையில் நின்று, சங்கத்தைக் காப்பாற்றின அந்தப் பூச்சியை வளர்த்தது யார், எழுந்து நில்லுங்கள், நடவடிக்கைக் குறிப்பில் எழுத வேண்டும் என்றார். மச்சினி பின்னால் பாதி எழுந்தாள், முழங்கால் வலியாக இருக்கும், நீட்டுவதற்கு எழுந்தாள். நான் முழுசாக எழுந்தேன். முந்நூறு பேர் கைதட்டினார்கள். எழுதியவர் எழுதினார், ‘தெஸிஃபோன் லிரோலா’. எஞ்சினியர் அங்கே உட்கார்ந்திருந்தார், மறுக்கவில்லை, அவரும் கைதட்டினார். அந்தக் குறிப்பேடு இன்னும் சங்க அலமாரியில் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள், பலகையில் பெயரை மாற்றுங்கள். இறந்துபோன எஞ்சினியர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தங்கமான மனிதர், என் பக்கத்தில் நின்று கண்ணீர் விட்டவர்.

தங்கள் குடும்பத்துக்கு மாதா துணையிருக்கட்டும். தங்கள் கொட்டகையில் பூ நிறையவும், பூவில் நல்லது நிறையவும், காற்று பிளாஸ்டிக்கைக் கிழிக்காமலும் இருக்கட்டும். தங்கள் இடுப்பு சீக்கிரம் நேராகட்டும்.

இப்படிக்கு, தெஸிஃபோன் லிரோலா.

பின்குறிப்பு: சிலுவை போடுவதற்கு முன் முழுவதையும் ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னேன். ஹெர்வாசியோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். எழுத்து வராதவனுக்கு இது ஒரு தண்டனை, தான் சொன்னதை அடுத்தவன் குரலில் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டேன். பூச்சி செத்த இடத்திலெல்லாம் நான் நிற்கிறேன். பிழைத்த இடம் ஒன்றில்கூட நான் இல்லை. ஹெர்வாசியோவிடம், நீயாவது எழுதும்போது சொல்லியிருக்கலாமே என்றேன். “நீங்க சொல்லிக்கிட்டே போனீங்க, நானும் எப்ப நிறுத்துவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்கிறார்.

ஆகையால் மேலே எழுதியதை நானே அடிக்கிறேன். எனக்கு எதுவும் மறக்காது என்றேன் அல்லவா, இதுவும் மறக்கவில்லை: அந்தப் பொதுக்குழு நாளில் அவளுக்கு முழங்காலில் வலி கிடையாது. அவள் எழுவதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஜாடிகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு அத்ரா ஊரில் தன் மகள் வீட்டுக்குப் போனவள், அக்காள் சாவுக்கு ஒரு தடவை வந்தாள், அப்புறம் என் வாசற்படி மிதிக்கவில்லை. குறிப்பேட்டில் இருப்பது பொய். அதைத் திறக்க வேண்டாம். எஞ்சினியர் பெயரும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். அந்தச் சமையலறையில் யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தவர்களைத் தேடுவீர்கள், பத்திரிகைக்காரர் ஆயிற்றே. ஆங்குஸ்தியாஸ் போய்ப் பதினொரு வருடம். தலைவர் பால்தொமேரோ அதற்கு மறுவருடம் கிறிஸ்துமஸுக்கு முன். பாதிரியார் முதியோர் இல்லத்தில் நினைவு தப்பி. எஞ்சினியர் போனது உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. என்னை நீங்கள் நம்பக் கூடாது. மிச்சம் சொல்லக்கூடியவர் ஒரே ஒரு ஆள், எண்பத்தொரு வயது, அத்ராவில் பழைய ஐஸ் தொழிற்சாலைக்கு எதிர்வீடு. திருநாளுக்கு முன்னால் நேரில் போய்க் கேளுங்கள், சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போங்கள், பலகையில் அவள் பெயரை எழுதுங்கள். பதினாறு வருடமாக நான் வாயால் சொல்லாத பெயர், ஹெர்வாசியோ, பெரிய எழுத்தில் போடு: விர்த்தூதெஸ் பெரால்தா.